சொந்த நிலத்தில் மண் கரை: யாருக்கு உரிமை, யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளிலும், விருத்தாசலம், திட்டக்குடி வட்டாரத்துக் கரிசல் நிலங்களிலும், சரிவின் குறுக்கே மண் கரை போட்டு மழைநீரைத் தேக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஜேசிபி இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, மண் சொந்த நிலத்திலேயே இருக்கிறது, இரண்டு நாளில் கரை எழும்பிவிடுகிறது. கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் வழி) எங்கே, கீழே யார் இருக்கிறார்கள், இது உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் பெரும்பாலும் ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் எழுகின்றன. அவற்றுக்கான விடைகளைக் கடலூர் மாவட்ட விவசாயிகளை மனத்தில் வைத்து இங்கே தொகுத்திருக்கிறோம். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரையும், கரை மூன்று மீட்டரைத் தாண்டினால் பொறியாளரையும் நேரில் கலந்துகொள்வதே முறை.

எல்லாப் பண்ணைக்குட்டைக்கும் இந்த ஆபத்து உண்டா?

இல்லை. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குட்டையில் நீர் மண்ணுக்குள் அடங்கியிருப்பதால் உடைவதற்கு எதுவும் இல்லை. நிரம்பினால் வழியும், அவ்வளவுதான். தரைமட்டத்துக்கு மேலே கரை எழுப்பி நிறுத்திய நீர்தான் ஆபத்துக்குரியது. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, அதையே கரையாக்கி, இன்னும் இரண்டு அடி நீர் பிடிக்கிறது என்று மகிழ்கிறோமே, அந்த இரண்டு அடியும் இந்தக் கணக்கில் சேரும். ஓர் ஏக்கர் பரப்பில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ 8,000 கன மீட்டர், அதாவது 80 லட்சம் லிட்டர். எடையில் 8,000 டன். கரை உடைந்தால் இவ்வளவும் மிகக் குறைந்த நேரத்தில் கீழ்நோக்கிப் பாயும்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் என் கரைக்குப் பொருந்துமா?

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவை, 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற கூடுதல் நிபந்தனைகளுள் ஒன்றையாவது நிறைவு செய்தால் மட்டுமே அதன் வரம்புக்குள் வரும். தனியார் நிலத்தில் எழும் மூன்று, நான்கு மீட்டர் கரை இதற்குள் வருவதில்லை. ஆகவே அச்சட்டத்தின்படி உங்கள் கரையை ஆய்வு செய்ய எந்த அதிகாரியும் வரமாட்டார்.

இதைப் பலர் நிம்மதியாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பார்வையில் கவலைப்பட வேண்டிய செய்தியே இது. இங்கிலாந்தில் தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் நீர் பிடிக்கும் தேக்கம் தனியாருடையதானாலும் பதிவு செய்யப்பட்டு, பொறியாளரின் மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். இங்கே அந்த அளவுள்ள கரைக்கும் உரிமையாளரின் கண்ணே காவல். சிறிய தனியார் கரைகள் உயிரைப் பறிக்காது என்றும் எண்ணிவிட முடியாது. கென்யாவின் நக்குரு மாவட்டத்தில் சோலாய் என்னும் இடத்தில், ஒரு தனியார் பண்ணையின் மண் அணை 2018 மே 9 அன்று இரவு உடைந்தபோது, கீழே உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்பு அடித்துச் செல்லப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

என் நிலத்தில் பெய்யும் மழையை நான் தேக்கிக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்?

வரையறுத்த ஓடையிலோ வாய்க்காலிலோ ஓடாமல் நிலத்தின் மேற்பரப்பில் பரவி ஓடும் நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துப் பயன்படுத்தும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்பதை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவின் விளக்கங்களில் தெளிவாகவே சொல்கிறது. அதே பிரிவு வேறு இரண்டையும் சொல்கிறது. இயற்கையான ஓடையின் நீர், கரையோர நிலத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் நியாயமற்ற மாறுதல் இல்லாமல் ஓடிவர வேண்டும். மேட்டு நிலத்தில் இயல்பாக வடியும் நீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் தடுத்து மேட்டு நிலத்திலேயே தேங்கச் செய்யக் கூடாது. பரவி ஓடும் மழைநீர் உங்களுடையது. ஓடை நீர் உங்களுடையது மட்டும் அன்று.

இதனால் கரை கட்டுபவர் கீழ்நிலத்துக்காரரை மட்டும் நினைத்தால் போதாது. உங்கள் குட்டையின் நீர்ப்பரப்பு முழுக் கொள்ளளவில் மேற்புறத்து நிலத்துக்குள் ஏறினாலும் அது தகராறுதான். கரை எழும்பும் முன்பே மட்டம் பார்த்து, நீர் எதுவரை ஏறும் என்று முளைக்குச்சி அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஓடை என் பட்டா நிலத்தின் நடுவே போகிறது. அதன் குறுக்கே கரை போடலாமா?

முதலில் புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, எடுத்துப் பாருங்கள். நிலத்தின் நடுவே ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரியும் ஓடை தனிப் புல எண்ணோடு ஓடைப் புறம்போக்காகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ பதிவாகியிருக்கக் கூடும். பல ஆண்டுகளாக உழுது பயிரிட்டு ஓடையின் தடமே மறைந்திருந்தாலும் பதிவு மறைவதில்லை. புறம்போக்கு என்றால் அதில் ஒரு கூடை மண் கொட்டவும் உங்களுக்கு உரிமை இல்லை; 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை வரும். தடுப்பணை தேவை என்று கருதினால் நீர்வளத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ மனு கொடுத்து, அவர்கள் வடிவமைத்துக் கட்டுவதே வழி.

பதிவில் ஓடை இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் தடம் பிடித்து நீர் ஓடும் பள்ளம் என்றால், அதன் குறுக்கே கரை போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2015 நவம்பர் மழையில் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் ஓடை வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போனதை இம்மாவட்டத்தார் மறக்கவில்லை. ஆண்டின் பத்து மாதங்கள் வறண்டு கிடக்கும் ஓடைதான் அது. குட்டையை ஓடைக்குப் பக்கத்தில் வைத்து, சிறிய வாய்க்கால் வழியே நீரைத் திருப்பிக்கொண்டால் வெள்ளத்தின் முழு வேகமும் கரையில் மோதாது.

எங்கள் முன்னோர் வெட்டிய ஏரி என்று சொல்வார்கள். அது எங்களுக்குச் சொந்தமா?

குடும்பத்தின் பெயரில் ஏரி அழைக்கப்படுவதால் உரிமை வந்துவிடாது. ஜமீன் பகுதிகளில் இருந்த ஏரிகளும் பாசன அமைப்புகளும் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் அரசுக்கு மாறிவிட்டன. இப்போது பொதுவாக 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடமும், பெரியவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. கிராமத்தின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே தொடக்கப்புள்ளி. ஏரி உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பகுதியில், யாருக்கோ பட்டா இருப்பதாகச் சொன்னால், அந்த நிலத்தை வாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது உத்தமம்.

கரை உடைந்து கீழ்நிலத்துப் பயிரோ வீடோ போனால் இழப்பீடு யார் தர வேண்டும்?

இக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்னும் வழக்கில், ஓர் ஆலை உரிமையாளர் கட்டிய நீர்த்தேக்கத்தின் நீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்தது. தன் தேவைக்காக ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்குபவர், அது வெளியேறி விளைவிக்கும் சேதத்துக்குக் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாவார் என்று 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி நம் பக்கத்திலிருந்து போயிற்று. சென்னை மாகாணத்தின் கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையை அரித்தன. ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குத் தொடுத்தது. 1874-இல் தீர்ப்பளித்த, அன்றைய இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், தென்னிந்திய ஏரிகள் தொன்றுதொட்டு மக்களின் பாசனத்துக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, எனவே கவனக்குறைவு இருந்தால் ஒழிய அவர் பொறுப்பில்லை என்று கூறி, இங்கிலாந்தின் விதியை இங்கே அப்படியே பொருத்த மறுத்தது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி ‘மழை கடவுள் செயல், நான் என்ன செய்ய முடியும்’ என்று வாதிடலாம் என எண்ணுவோர் அதன் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஜமீன்தாரைக் காப்பாற்றியது அவருடைய ஏரிகள் பொதுப் பாசனத்துக்கானவை என்பதும், அவற்றை வைத்துக்கொள்ள அவர் கடமைப்பட்டவர் என்பதும்தான். உங்கள் லாபத்துக்காக நீங்களாக விரும்பி நேற்று எழுப்பிய கரைக்கு அந்தக் காரணம் முழுமையாகக் கிடைக்காது என்பதே எங்கள் கருத்து.

மேலும், கவனக்குறைவு இருந்ததா என்பதே கேள்வியாக நின்றாலும் உரிமையாளரின் நிலை வலுவானதன்று. 1947-இல் மேற்கு யமுனைக் கால்வாயின் கரை உடைந்து ஒரு பண்ணை நீரில் மூழ்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1964-இல் முடிந்தது. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கரை தானாக உடையாது, உடைந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது என்ற போக்கில் நீதிமன்றம் சென்றது. பராமரிப்பு ஆவணங்களை முன்வைக்காத அரசின் மீது பொறுப்பு விழுந்தது. அரசுக்கே இப்படியென்றால் தனியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையை எப்போது பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள், எலி வளையை எப்போது அடைத்தீர்கள், கலிங்கை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று தேதியிட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும், கைபேசியில் எடுத்த படங்களும் பிற்காலத்தில் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீட்டோடு முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

பங்காளிகளுக்குப் பொதுவான குட்டை, அல்லது குத்தகைக்கு விட்ட குட்டை என்றால்?

பாகப்பிரிவினையில் நிலத்தைப் பங்கிடுகிறார்கள்; கரையை மறந்துவிடுகிறார்கள். அண்ணன் பங்கில் நீர்ப்பரப்பும் தம்பி பங்கில் கரையும் விழுந்தால், நீரால் பயன் ஒருவருக்கு, பராமரிப்புச் சுமை இன்னொருவருக்கு என்றாகி, கடைசியில் யாரும் கரையைத் தொடுவதில்லை. பாகப் பத்திரத்திலேயே கரை, மதகு, கலிங்கு, வடிகால் ஆகியவை யாருக்கு, செலவில் யாருக்கு எத்தனை பங்கு, பராமரிக்க யார் நிலத்தின் வழியே போகலாம் என்று எழுதிவிட வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால், ‘அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்’ என்பது வழக்கில் பெரிதாக உதவாது.

மீன் குத்தகையில் தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. மீன் வெளியேறாமலிருக்கக் குத்தகைதாரர் கலிங்கில் வலை கட்டுவார், அல்லது பலகையும் மணல் மூட்டையும் வைத்து மட்டத்தை உயர்த்துவார். பெருமழையில் சருகும் ஆகாயத்தாமரையும் வலையில் வந்து அடைத்துக்கொண்டால் கலிங்கு மூடிய கதவாகிவிடும். நீர் கரையின் தலைமேல் ஏறும். குத்தகை ஒப்பந்தத்தில் கலிங்கைத் தொடக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதிவிட்டதோடு உரிமையாளரின் பொறுப்பு போய்விடாது. கார்த்திகை முடியும்வரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நிலம் வாங்குபவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல் கரையையும் ஏறிப் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளர் மோசமாகக் கட்டியிருந்தாலும், இனி அதில் நீரைத் தேக்குபவர் நீங்கள்தான்.

கலிங்கு எவ்வளவு அகலம் வேண்டும்? ஆறு அங்குலக் குழாய் வைத்தால் போதாதா?

போதாது. உலகெங்கும் மண் அணைகள் உடைவதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று நீர் கரையின் தலைமேல் வழிவதுதான். கல் அணை வழிந்தால் தாங்கக் கூடும். மண் கரை வழிந்தால் அரிப்பு வெளிச்சரிவில் தொடங்கி மேலேறி, கரையை அறுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் குட்டைக்கு 10 ஹெக்டேர் நிலத்திலிருந்து நீர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் மழையில் பாதி மண்ணுக்குள் போய், பாதி மட்டுமே ஓடிவந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 1,400 லிட்டர் வந்து சேரும். ஆறு அங்குலக் குழாயில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் வெளியேறுவது 35 லிட்டர், அதாவது வருவதில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த 1,400 லிட்டரையும் 30 செ.மீ. ஆழத்தில் வழியவிட 5 மீட்டர் அகலக் கலிங்கு தேவை. அதற்கு மேலும் 60 செ.மீ. கரை உயர்ந்து நிற்க வேண்டும். ஆகவே கலிங்கின் தளத்திலிருந்து கரைத் தலை குறைந்தது 90 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குழாயை அன்றாடப் பாசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குக் கலிங்கு ஒன்றே வழி.

‘அப்படி மழை பெய்யுமா’ என்று கேட்பவர்களுக்கு: 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த அளவு மழை ஓர் ஏக்கரில் மட்டும் 18 லட்சம் லிட்டர்.

கலிங்கைப் புதிதாகக் கொட்டிய கரை மண்ணில் வெட்டக் கூடாது. கரையின் ஒரு முனையில், இயந்திரம் தொடாத இயற்கைத் தரையில் வெட்டி, தளத்தில் கல் பாவியோ அடர்ந்த புல் வளர்த்தோ காக்க வேண்டும். வழியும் நீர் அடுத்தவர் வயலில் விழாமல் பழைய வடிகாலிலேயே போய்ச் சேர வேண்டும்.

எந்த மண்ணில் கரை கட்டலாம்?

இம்மாவட்டத்தில் இது எளிய கேள்வி அன்று. கிழக்கிலும் பண்ருட்டி, நெய்வேலி மேட்டிலும் கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயரிட்ட அடுக்கின் மேல் செம்மண்ணும் மணலும் கலந்து கிடக்கின்றன. அது எளிதில் அரிக்கும்; நீரும் அதிகம் கசியும். மேற்கே திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் கரிசல் களிமண் நீரைப் பிடிக்கும். ஆனால் கோடையில் வெடிக்கும், நனைந்தால் ஊதி வழுக்கும். திட்டக்குடி வட்டத்தில் 1913 முதல் 1923 வரை கட்டப்பட்ட வெலிங்டன் ஏரியின் கரை, அடித்தரை மண்ணின் பலவீனத்தால் மீண்டும் மீண்டும் உள்வாங்கி வந்திருக்கிறது. அரசுப் பொறியாளர்களுக்கே அடங்காத மண்ணில் ஜேசிபி ஓட்டுநரின் கண்மதிப்பு போதும் என்று நம்பக் கூடாது.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மண் கட்டியொன்றைத் தெளிந்த மழைநீருள்ள கண்ணாடிக் குவளையில் கலக்காமல் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கட்டி சரிந்து உதிர்ந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால்போல் மூட்டம் பரவினால் அந்த மண் நீரில் கரைந்து போகக்கூடியது, கரைக்கு உதவாது.

வேரும் செடியும் உள்ள மேல்மண்ணை ஓர் அடி அளவுக்கு வழித்து அகற்றி, நடுவில் கெட்டித் தரைவரை சால் வெட்டி, அதைக் களிமண்ணால் நிரப்பி இறுக்கிய பிறகே கரையை எழுப்ப வேண்டும். ஈரப்பதத்தோடு அரை அடி அடுக்காகப் பரப்பி ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் அழுத்த வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஜேசிபியின் வாளியால் தட்டிவிட்டால் அது வெறும் மண் குவியல். கரைத் தலை 3 மீட்டர் அகலம், உள்சரிவு ஒன்றுக்கு மூன்று (உயரம் ஒரு மீட்டருக்குக் கிடையாக மூன்று மீட்டர்), வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு என்றால், 3 மீட்டர் உயரக் கரைக்கு அடியில் 18 மீட்டர் அகலம் தேவை. அவ்வளவு நிலம் கொடுக்க மனமில்லையென்றால் கரையின் உயரத்தைக் குறையுங்கள்.

கரையில் மரம் வைக்கலாமா? எலி, நண்டு உண்மையிலேயே கரையை உடைக்குமா?

அறுகம்புல்லும் வெட்டிவேரும் வையுங்கள். வேம்பு, புளி, தானாக முளைக்கும் சீமைக் கருவேலம் ஆகியவற்றைக் கன்றாக இருக்கும்போதே அகற்றுங்கள். பெரிதான மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் நீர் போகும் குழாயாகிவிடும். அகன்ற ஏரிக் கரைகளில் பனை நின்று வந்திருக்கிறதே என்பார்கள். அது உண்மைதான், ஆனால் குறுகிய குட்டைக் கரைக்கு அது முன்மாதிரியாகாது. குழாய் புதைத்த இடத்தையும் மரம் நின்ற இடத்தைப் போலவே கவனிக்க வேண்டும். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே கசிவு பெரும்பாலும் தொடங்கும்.

வரப்பெலி, பெருச்சாளி, கறையான், நண்டு எல்லாம் கரையைத் துளைக்கும். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து பலர் இறந்தபோது, நண்டுகளே காரணம் என்று ஒரு அமைச்சர் சொன்னது நாடெங்கும் கேலிக்குள்ளாயிற்று. நண்டு துளைக்கும் என்பதில் பொய்யில்லை; கசிவு இருக்கிறது என்று ஊர் மக்கள் முன்பே சொன்னதைக் கேட்காமல் விட்டுவிட்டு நண்டின் மேல் பழி போட்டதுதான் கேலிக்கு உரியது. வளையை வெறுமனே மண் தள்ளி மூடாமல், வெட்டித் திறந்து, ஈரக் களிமண் வைத்து இடித்து இறுக்குங்கள்.

வெளிச்சரிவில் ஈரம் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

எல்லா மண் கரையும் சிறிது கசியும். தெளிந்த நீர், அளவு மாறாமல் கசிந்தால் அந்த இடத்தில் குச்சி நட்டு நாள்தோறும் பாருங்கள். கலங்கிய நீர் வந்தால், கரையின் உள்மண் வெளியே போகிறது என்று பொருள். அது மணிக்கணக்கில் உடைப்பாக மாறலாம். உடனே நீர்மட்டத்தைக் குறைக்கத் தொடங்குங்கள். ஊற்றுப்போல் கொப்பளிக்கும் இடத்தை மண் போட்டு அடைக்காமல், சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டி அதற்குள் நீர் உயர விடுங்கள். உள்ளிருக்கும் நீர் அழுத்தம் எதிர்அழுத்தம் கொடுத்து மண் வெளியேறுவதைத் தணிக்கும். அடைத்தால் நீர் வேறு வழி தேடும்.

நீர் கரைத் தலைக்கு வந்துவிட்டது. கரையை வெட்டிவிடலாமா?

முதல் வேலை கீழே இருப்பவர்களுக்குச் சொல்லி அவர்களை மேட்டுக்கு அனுப்புவது. கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியரகத்தின் 1077 எண்ணுக்கும் தகவல் கொடுங்கள். கலிங்கில் அடைத்திருக்கும் எதையும் நீக்குங்கள். ஆனால் வெள்ளம் ஓடும்போது கலிங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது. வேறு வழியே இல்லாமல் வெட்ட நேர்ந்தால், கரை உயர்ந்து நிற்கும் நடுப்பகுதியில் ஒருபோதும் வெட்டாதீர்கள். கரை தரையோடு தாழ்ந்து சேரும் முனையில், கெட்டியான இயற்கைத் தரையில் மட்டும் திறக்க வேண்டும். அந்த நீர் எங்கே போகும் என்பதை மழைக்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். இருட்டில் அதைத் தீர்மானிக்க முடியாது.

மீன் அறுவடைக்காக நீரை ஒரேயடியாக இறைத்துவிடலாமா?

வேண்டாம். நீர் வேகமாக இறங்கும்போது கரையின் உள்மண்ணில் ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேறாமல், உள்சரிவு வழுக்கி விழும். களிமண் கரையில் நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள்.

வேலி போட வேண்டுமா?

கட்டாயம். கரை உடைந்து இறப்பவர்களைவிடக் குட்டையில் தவறி விழுந்து இறக்கும் குழந்தைகளைப் பற்றித்தான் நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் நீச்சல் தெரிந்தவரும் வழுக்கிக்கொண்டே இருப்பார். முடிச்சுப் போட்ட கயிறோ ஏணியோ நான்கு பக்கமும் தொங்க வேண்டும்.

இனி இந்தக் குட்டை வேண்டாம். அப்படியே விட்டுவிடலாமா?

கவனிப்பாரில்லாத கரையே மிக ஆபத்தானது; மழை வந்தால் அது தானாக நிரம்பும். கோடையில், குட்டை வற்றியிருக்கும்போது, கரையின் தாழ்ந்த பகுதியில் பழைய தரைமட்டம் வரை அகலமாக வெட்டி, வெட்டிய பக்கங்களைச் சரிவாக்கிப் புல் வளரவிட்டால் நீர் இனி அங்கே நிற்காது. வெட்டும் முன் கீழ்நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு தேங்கிய நீர் இனிமேல் அவர் பக்கம் வடியும் என்பதால், அவருடைய வடிகால் அதைத் தாங்குமா என்பதை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள்.